57 விநாடி போதுமா? டூர் டி பிரான்ஸ் டைம் ட்ரையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூலையிலும், பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸில் டைம் ட்ரையல் நாள் நெருங்கும்போது ரசிகர்கள் நடுவே அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர் எத்தனை விநாடி எடுப்பார், அவர் எத்தனை விநாடி இழப்பார், இந்த முன்னிலை தாங்குமா, சைக்கிளை மாற்றுவாரா மாட்டாரா. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "யார் நல்ல டைம் ட்ரையல்காரர்?" என்று மட்டும் கேட்டுக் கணிக்கிறவர்களின் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. என்ன சாலை, போட்டியின் எத்தனையாவது நாள், அன்றைக்குக் காலில் என்ன மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம்தான் பெயரைக் கேட்க வேண்டும்.

டைம் ட்ரையல் என்றால் சரியாக என்ன?

மற்ற நாட்களில் 180 பேர் வரை ஒன்றாகப் புறப்பட்டு, கூட்டத்துக்குள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்து, காற்றிலிருந்து தப்பித்துப் போவார்கள். டைம் ட்ரையல் நாளில் அந்த மறைப்பு கிடையாது. ஒரு சரிவு மேடையிலிருந்து ஒவ்வொருவராக, ஒன்று அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் இறங்குவார்கள். ஒட்டுமொத்தப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில், மொத்த நேரத்தில் முன்னணியில் இருக்கும் மஞ்சள் ஜெர்சிக்காரர் கடைசியில். முன்னால் போனவரை எட்டிப் பிடித்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது, விலகித்தான் கடக்க வேண்டும். கடிகாரம் காட்டும் நேரம் அப்படியே மூன்று வாரக் கூட்டலில் சேர்ந்துவிடும். சக வீரர்கள் உதவ முடியாது, தந்திரம் செய்ய இடமில்லை. அதனால்தான் மலை நாளில் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த விநாடிகள் இங்கே அரை மணி நேரத்தில் கரைந்துபோகின்றன.

மலையில் எல்லாரையும் உதறிவிட்டுப் போகிறவர் டைம் ட்ரையலிலும் ஜெயிக்க வேண்டியதுதானே?

சாலையைப் பொறுத்தது. சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகத்தைக் கூட்டக் கூட்டக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி அதைவிட வேகமாக ஏறும். வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி 33 சதவீதம் போலக் கூட வேண்டும். ஆகவே சமதளத்தில் கேட்க வேண்டியது, இவருடைய மொத்த பலம் எவ்வளவு, அதை எவ்வளவு சின்ன உடம்பாக ஒடுக்கிக்கொண்டு காற்றுக்குள் நுழைகிறார் என்பது. ஃபிலிப்போ கன்னா, ஸ்டெஃபான் குங் மாதிரி ஆறடிக்கு மேல் உயரமான, கனமான ஆட்கள் அங்கே பறப்பது இதனால்தான். எடை கூடினாலும் காற்றில் மோதும் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை.

சாலை மேலே திரும்பியதும் கணக்கு தலைகீழ். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை, கிட்டத்தட்ட எல்லாம் எடையைத் தூக்குவதற்கே. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 500 மீட்டர் உயரம் ஏற வேண்டிய மலை, வீரர் 400 வாட்டில் மிதிக்கிறார் என்றால், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 12 விநாடி போலக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்து கிலோ வித்தியாசம் என்றால் ஒரு நிமிடம். சமதளத்தில் அந்த ஐந்து கிலோவைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

சரி, பாதி சமதளம், பாதி மலை என்று ஒரு டைம் ட்ரையல் வந்தால்? அங்கேதான் எல்லாக் கணிப்பும் தடுமாறும்.

2020 டூரில் ஸ்லோவேனிய வீரர் ரோக்லிச்சுக்கு 57 விநாடி முன்னிலை இருந்தது. எல்லாரும் அவர்தான் என்றார்கள். எப்படித் தோற்றார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நானும் ரோக்லிச்தான் என்று அடித்துச் சொன்னவன்.

செப்டம்பர் 19, சனிக்கிழமை, 20-ஆவது ஸ்டேஜ் (ஸ்டேஜ் என்பது ஒரு நாள் ஓட்டம்), கடைசிக்கு முந்தைய நாள். கொரோனாவால் அந்த வருடம் டூர் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. லூர் என்ற ஊரிலிருந்து லா பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலை உச்சி வரை 36.2 கிலோமீட்டர். முதல் 30 கிலோமீட்டர் வேகமான சாலை, கடைசி 5.9 கிலோமீட்டர் சராசரி 8.5 சதவீத ஏற்றம். ப்ரிமோஷ் ரோக்லிச் 9-ஆவது ஸ்டேஜிலிருந்தே மஞ்சள் ஜெர்சியில். அவர் அணி அந்த டூர் முழுக்க முன்னால் நின்று மலை மலையாக வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தது. இரண்டாம் இடத்தில் இன்னொரு ஸ்லோவேனியர், தடேய் பொகாச்சர், இரண்டு நாளில் 22 வயது ஆகப்போகிற பையன்.

ரசிகர்கள் ஏன் ரோக்லிச் பக்கம் நின்றார்கள்? முந்தைய வருடம் ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டியான வுவெல்டாவில், போ (Pau) நகரத்தில் நடந்த டைம் ட்ரையல். வியப்பாக, அதுவும் 36.2 கிலோமீட்டர்தான். அதை ரோக்லிச் ஜெயித்தார், பொகாச்சர் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் இழந்தார். அதே தூரம், அதே இரண்டு பேர், ஒரே ஒரு வருடம். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தோம்.

ஆனால் இன்னொரு சாட்சி அதைவிடப் பக்கத்தில் இருந்தது. 2020 ஜூன் கடைசியில் ஸ்லோவேனிய தேசிய டைம் ட்ரையல், பொக்லியூகா மலைமேல் ஏறும் 15.7 கிலோமீட்டர் பாதை. அங்கே பொகாச்சர் ரோக்லிச்சை 9 விநாடியில் வென்றார். பலருக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் 9 விநாடிதானே, ஊர்ப் போட்டிதானே, ஊரடங்கு முடிந்து எல்லாரும் அப்போதுதானே வெளியே வந்தார்கள் என்று ஒதுக்கிவிட்டோம். பாதையின் வடிவத்தைப் பார்த்திருக்க வேண்டும். முடிவில் மலை. லா பிளான்ஷும் முடிவில் மலை. வுவெல்டாவின் 36.2-ஐத் தூரத்துக்காக ஒப்பிட்டோம், பொக்லியூகாவைச் சாலைக்காக ஒப்பிடவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். மலை அடிவாரம் வருவதற்குள்ளேயே, அதாவது ரோக்லிச்சுக்குச் சாதகம் என்று நாம் நினைத்த வேகமான பகுதியிலேயே, பொகாச்சர் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துவிட்டார். பிறகு இருவரும் டைம் ட்ரையல் சைக்கிளிலிருந்து சாதாரண ரோடு சைக்கிளுக்கு மாறினார்கள். பொகாச்சர் இறங்கியதும் ஏறியதும் ஒரே அசைவு போலிருந்தது. ரோக்லிச்சுக்குத் தடுமாற்றம். ஏற்றத்தில் அவருடைய ஹெல்மெட் கொஞ்சம் கொஞ்சமாக நெற்றியை விட்டு மேலே தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைச் சரிசெய்யக்கூட அவர் கை எடுக்கவில்லை. மூன்று வாரமாக அசையாமல் உட்கார்ந்திருந்த தோள்கள் அன்று இடமும் வலமும் ஆடின. முன்னரே முடித்துவிட்டு, உச்சியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய அணித் தோழர்கள் டாம் டுமூலானும் வவுட் வான் ஆர்ட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு முகங்களையும் மறக்கவே முடியவில்லை.

பொகாச்சர் 55 நிமிடம் 55 விநாடி. டுமூலான் 2017-ன் உலக டைம் ட்ரையல் சாம்பியன், அவரே 1 நிமிடம் 21 விநாடி பின்னால். ரோக்லிச் 1 நிமிடம் 56 விநாடி பின்னால், ஐந்தாம் இடம். 57 விநாடி முன்னிலை 59 விநாடி பின்னடைவாக மாறியது. கோட்டைத் தாண்டிய ரோக்லிச் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்தது.

ரோக்லிச் மோசமாக ஓட்டினார் என்று சொல்வது நியாயமில்லை. அந்த நாளில் உலகத்திலேயே ஐந்தாவது வேகம் அவருடையது. பொகாச்சர் வேறு ஏதோ ஓர் உயரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எத்தனை விநாடி முன்னிலை இருந்தால் தைரியமாகத் தூங்கலாம்?

எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 57 விநாடி என்ற அதே எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் கிரெனோபிளில் 42.5 கிலோமீட்டர் டைம் ட்ரையலுக்கு முன்பு ஆன்டி ஷ்லெக் மஞ்சள் ஜெர்சியில், கேடல் எவன்ஸ் சரியாக 57 விநாடி பின்னால். அங்கே கணிப்பு சுலபமாக இருந்தது, சரியாகவும் இருந்தது. ஷ்லெக் மலைக்காரர், டைம் ட்ரையலில் ஒருபோதும் சௌகரியமாக உட்கார்ந்ததில்லை. எவன்ஸ் அவரிடமிருந்து 2 நிமிடம் 31 விநாடி எடுத்து, டூரை 1 நிமிடம் 34 விநாடியில் வென்றார்.

ஆனால் அதே எவன்ஸுக்கு மூன்று வருடம் முன்பு நேர்மாறாக நடந்தது. 2008-ல் கார்லோஸ் சாஸ்ட்ரே அவரைவிட 1 நிமிடம் 34 விநாடி முன்னால். கடைசி டைம் ட்ரையல் 53 கிலோமீட்டர். சாஸ்ட்ரேவும் மலைக்காரர், எவன்ஸ் சுலபமாகத் தாண்டிவிடுவார் என்ற பேச்சுதான் எங்கும். எவன்ஸால் அரை நிமிடம்கூட எடுக்க முடியவில்லை. மூன்று வாரம் தனியாளாகப் போராடி வந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. மஞ்சள் ஜெர்சியைத் தோளில் போட்டதும் சாஸ்ட்ரேவின் கால்களுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. இரண்டு கதையிலும் 1:34 என்ற எண் வருவதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். கடனாக இருந்ததே லாபமாக வந்து சேர்ந்தது.

என் கணக்கு இப்படி: சமதளமும் நேரான சாலையும் என்றால் பழைய முடிவுகளை நம்பலாம், ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு விநாடிதான் மாறும். முடிவில் மலை இருந்தால் அந்த நம்பிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முன்னோட்டப் போட்டியில் எடுத்த நேரத்தை வைத்து டூரைக் கணிக்கலாமா?

ரசிகர்கள் அதிகமாகச் செய்வதும் அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். 2025 ஜூனில் தோஃபினே போட்டியின் டைம் ட்ரையல், சேன் பெரே ஊருக்கு 17.4 கிலோமீட்டர். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் முதலிடம், டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகார்ட் இரண்டாமிடம், பொகாச்சர் விங்கேகார்டைவிடக் கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்னால். உடனே எல்லா இடத்திலும் பேச்சு: பொகாச்சரின் பலவீனம் வெளியே வந்துவிட்டது, டூரில் காஞ் நகரத்தின் 33 கிலோமீட்டர் சமதளத்தில் விங்கேகார்ட் அவரை ஒரு நிமிடம் அடிப்பார்.

ஜூலை 9, காஞ். எவனபூல் மறுபடி முதலிடம், அது எதிர்பார்த்ததுதான். பொகாச்சர் 16 விநாடி மட்டும் பின்னால், இரண்டாமிடம். விங்கேகார்ட் 1 நிமிடம் 21 விநாடி பின்னால். ஒரே மாதத்தில் அரை நிமிடக் குறை ஒரு நிமிடத்துக்கு மேல் மிகுதியாக மாறியது. முன்னோட்டப் போட்டியில் ஒருவர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பார், வேறொருவர் அன்றைக்குப் புது உட்காரும் நிலையைச் சோதித்துப் பார்ப்பார். நேரப் பலகையில் இவை எதுவும் எழுதியிருக்காது.

முதல் வாரத்து டைம் ட்ரையலும் மூன்றாவது வாரத்து டைம் ட்ரையலும் ஒன்றா?

இல்லவே இல்லை. முதல் வாரத்தில் நீங்கள் பார்ப்பது ஒருவருடைய திறமை. மூன்றாவது வாரத்தில் பார்ப்பது, அந்தத் திறமையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது.

எவனபூலையே பாருங்கள். ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன் பட்டங்கள் என்று இந்த வித்தையில் இவர் தலைமுறையின் முதல் பெயர் அவருடையதுதான். குனிந்து உட்கார்ந்தால் முதுகில் தண்ணீர் டம்ளரை வைக்கலாம், அவ்வளவு தட்டை, அவ்வளவு அசைவில்லாமை. 2024 டூரின் 7-ஆவது ஸ்டேஜ், ஜெவ்ரே ஷாம்பெர்தானுக்கு 25.3 கிலோமீட்டர்: எவனபூல் முதலிடம், பொகாச்சர் 12 விநாடி பின்னால், விங்கேகார்ட் 37 விநாடி பின்னால். அதே டூரின் கடைசி நாள், மொனாக்கோவிலிருந்து நீஸ் வரை 33.7 கிலோமீட்டர், நடுவில் ஏற்றங்கள்: பொகாச்சர் முதலிடம், விங்கேகார்ட் 1 நிமிடம் 3 விநாடி, எவனபூல் 1 நிமிடம் 14 விநாடி. இரண்டு வாரத்தில் மூவரின் வரிசையே மாறிவிட்டது. பாரிஸில் ஒலிம்பிக் நடக்கவிருந்ததால் டூர் முதல்முறையாகப் பாரிஸுக்கு வெளியே முடிந்த வருடம் அது.

2025-ல் நடந்தது இன்னும் கொடுமை. காஞ்சில் ஜெயித்த ஒன்பதாவது நாள், பிரனீ மலையில் பேரகூத் விமான ஓடுபாதைக்கு ஏறும் 10.9 கிலோமீட்டர் டைம் ட்ரையல். எவனபூலுக்கு இரண்டு நிமிடம் பின்னால் புறப்பட்ட விங்கேகார்ட், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவரைப் பிடித்துக் கடந்து போனார். உலக சாம்பியன் எவனபூல் 2 நிமிடம் 39 விநாடி இழந்தார். மறுநாள் தூர்மலே ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, போட்டியிலிருந்தே விலகினார். அந்த மனிதரின் திறமை ஒன்பது நாளில் எங்கும் போய்விடவில்லை. உடம்பில் எரிபொருள் தீர்ந்துவிட்டது.

மலை டைம் ட்ரையலில் சைக்கிளை மாற்றுவது சரியா தவறா?

இதற்காக ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு இதில் நேரம் இல்லை என்பது என் கருத்து. டைம் ட்ரையல் சைக்கிள் கனம், ஏற்றத்தில் கையாளச் சங்கடம். ரோடு சைக்கிள் லேசு, ஆனால் மாற்ற நிற்க வேண்டும், ஏறிய வேகம் போய்விடும், மறுபடி மிதித்து எடுக்க வேண்டும்.

2023-ல் பஸியிலிருந்து கோம்ப்ளூ வரை 22.4 கிலோமீட்டர். பொகாச்சர் தொமான்ஸி ஏற்றத்தின் அடியில் சைக்கிளை மாற்றினார், விங்கேகார்ட் மாற்றாமல் அப்படியே ஏறினார். அன்று காலை ஒட்டுமொத்தப் பட்டியலில் விங்கேகார்ட் வெறும் 10 விநாடி முன்னால். மாலையில் 1 நிமிடம் 48 விநாடி. உடனே, சைக்கிளை மாற்றியதால்தான் பொகாச்சர் தோற்றார் என்று எழுதித் தள்ளினார்கள். மாற்றுவதற்கு முன்பே அவர் பின்தங்கியிருந்தார், மாற்றிய பிறகும் ஏற்றம் முழுக்க இழந்துகொண்டே போனார். 22 கிலோமீட்டரில் 98 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு நாலரை விநாடி போல. சைக்கிள் மாற்றத்தால் இது வராது, காலால்தான் வரும். அன்று மூன்றாமிடம் வந்த வான் ஆர்ட் விங்கேகார்டுக்கு 2 நிமிடம் 51 விநாடி பின்னால் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொகாச்சர் நன்றாகவே ஓட்டியிருக்கிறார். 2020-ல் பொகாச்சர் நின்ற இடத்தில் இந்த முறை விங்கேகார்ட் நின்றார்.

2025 பேரகூத்தில் பொகாச்சர் ஒரு படி மேலே போய், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டைம் ட்ரையல் கைப்பிடிகூட இல்லாத சாதாரண ரோடு சைக்கிளிலேயே புறப்பட்டார். விங்கேகார்ட் டைம் ட்ரையல் சைக்கிளில். பொகாச்சர் சரியாக 23 நிமிடத்தில் முடித்து 36 விநாடியில் ஜெயித்தார். அப்போது கட்சி மாறி, ரோடு சைக்கிள்தான் சரி என்றார்கள். அன்று அந்த இரண்டு பேரையும் சைக்கிள் மாற்றிக் கொடுத்திருந்தாலும் முடிவு அதேதான் என்று நினைக்கிறேன்.

1989-ல் லெமாண்ட் ஜெயித்தது கைப்பிடியால் என்கிறார்களே?

ஓரளவு. கதை தெரியாதவர்களுக்கு: கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் ஷான்ஸ் எலிஸே வரை 24.5 கிலோமீட்டர். லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னால். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 58 விநாடி எடுத்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டூரை 8 விநாடியில் வென்றார். டூர் வரலாற்றிலேயே மிகச் சிறிய வித்தியாசம் இதுதான். லெமாண்ட் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புதுவகைக் கைப்பிடியும் கூர்வால் ஹெல்மெட்டும் வைத்திருந்தார். ஃபின்யோன் வெறுந்தலையில், குதிரைவால் சடை காற்றில் பறக்க ஓட்டினார். அந்தச் சடையை வெட்டியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

ஆனால் அந்த டூரை முதலிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். 5-ஆவது ஸ்டேஜில் ரென் நகரத்துக்கு 73 கிலோமீட்டர் டைம் ட்ரையல், லெமாண்ட் ஃபின்யோனைவிட 56 விநாடி வேகம். ஓர்சியேருக்கு மலை டைம் ட்ரையல், அங்கேயும் லெமாண்ட் 47 விநாடி வேகம். இரண்டிலும் அவர்தான் மேல். அப்படியிருந்தும் கடைசி நாள் ஃபின்யோன் தப்பிவிடுவார் என்று ஏன் நினைத்தார்கள் என்றால், 73 கிலோமீட்டரில் 56 விநாடி எடுத்தவர் 24 கிலோமீட்டரில் எப்படி 50 எடுப்பார் என்ற கூட்டல் கழித்தல். கணக்கு சரி, விடுபட்டது ஒன்று: ஃபின்யோனுக்கு இருக்கை உராய்ந்து புண்ணாகியிருந்தது, உட்காரவே முடியாத வலி. ரென்னில் ஓட்டிய ஃபின்யோனும் வெர்சாயில் புறப்பட்ட ஃபின்யோனும் ஒரே ஆள் இல்லை. லெமாண்ட் தனக்கு இடைநேரம் (பாதி வழியில் யார் எவ்வளவு முன்னால் என்ற கணக்கு) எதுவும் சொல்ல வேண்டாம் என்று அணியிடம் சொல்லிவிட்டு, சராசரி 54.545 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். இரண்டு வருடம் முன்பு வேட்டையில் துப்பாக்கிக் குண்டுபட்டுச் செத்துப் பிழைத்தவர் அவர். கைப்பிடிக்கு உரிய பங்கைக் கொடுங்கள், ஆனால் மனிதரை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகப் புறப்படுவது சாதகமா?

முன்னால் போனவரின் இடைநேரம் காதில் வந்துகொண்டே இருக்கும் என்பது சாதகம். அதுவே சுமையாகவும் மாறும்: 2020-ல் ஒவ்வொரு இடைநேரமும் ரோக்லிச்சுக்குக் கெட்ட செய்தி. காற்று மதியத்துக்கு ஒரு திசை, மாலைக்கு ஒரு திசை என்று மாறினால் யாருக்கு லாபம் என்பது அதிர்ஷ்டம்.

மழை பெய்தால்?

கணிப்பைக் கிழித்துப் போடுங்கள். 2017-ல் டூசல்டோர்ஃபில் முதல் நாளே மழையில் 14 கிலோமீட்டர் டைம் ட்ரையல். அலெஹாந்த்ரோ வால்வெர்தே ஒரு வளைவில் வழுக்கி இரும்புத் தடுப்பில் மோதி முழங்கால் சில்லு உடைந்து, டூர் தொடங்கிய அன்றே முடித்துக்கொண்டார்.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முக்கியமான ஆட்கள் ஓட்டும் நேரம் நமக்கு இரவு எட்டு எட்டரை ஆகிவிடும், சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்க வசதியான நேரம். திரையின் மூலையில் ஓடும் எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். முதலில் தலை. நன்றாக இருக்கும் நாளில் தலை தோள்களுக்கு நடுவே புதைந்து, ஹெல்மெட்டின் வால் முதுகோடு ஒட்டியிருக்கும். களைத்ததும் தலை தொங்கும், வால் வானத்தைப் பார்த்து நிமிர்ந்துவிடும். அடுத்து இடுப்பு. சரியான நாளில் இருக்கையில் ஆணி அடித்த மாதிரி இருக்கும், தடுமாறும் நாளில் முன்னால் நகர்வதும் பின்னால் தள்ளுவதுமாக இருப்பார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் கால் ஒரு கணம் நிற்கிறது. வளைவுகளில் நீட்டுக் கைப்பிடியிலிருந்து கையை எப்போது எடுக்கிறார், எவ்வளவு சீக்கிரம் திரும்ப வைக்கிறார் என்று பாருங்கள், பாதையை முன்கூட்டி ஓட்டிப் பழகியவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வாய். லா பிளான்ஷில் ரோக்லிச்சின் வாய் திறந்திருந்த விதத்தைப் பார்த்தே என் பக்கத்தில் இருந்தவர் "போச்சு" என்றார், எண் வருவதற்கு முன்பே.

ரோக்லிச் அதற்குப் பிறகு மீண்டாரா?

மீண்டார். லா பிளான்ஷ் முடிந்து இரண்டே வாரத்தில் லியேஜ் பஸ்தோன் லியேஜ் போட்டியை வென்றார். அதே வருடம் வுவெல்டா. அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக் டைம் ட்ரையலில் தங்கம், இரண்டாமிடத்தில் அதே டுமூலான், ஒரு நிமிடத்துக்கு மேல் பின்னால்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது 2023 மே 27. இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜீரோ டி இத்தாலியாவின் 20-ஆவது ஸ்டேஜ், மறுபடியும் கடைசிக்கு முந்தைய நாள், மறுபடியும் முடிவில் மலை உள்ள டைம் ட்ரையல். தார்விசியோவிலிருந்து மோன்தே லுஸ்ஸாரி வரை 18.6 கிலோமீட்டர், மேலே ஏறும் பாதை குறுகலான, செங்குத்தான கான்கிரீட் சாலை. அணிக் கார்கள் அதில் போக முடியாததால் மெக்கானிக்குகள் மாற்றுச் சைக்கிளைத் தோளில் சுமந்து மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். ஸ்லோவேனிய எல்லை கூப்பிடு தூரம், சாலையின் இரண்டு பக்கமும் அவர் நாட்டுக் கொடிகள். இந்த முறை அவர் துரத்துகிறவர்: 37 வயதான கெராய்ன்ட் தாமஸ் 26 விநாடி முன்னால்.

ஏற்றத்தின் நடுவில், தாமஸைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, சாலையின் ஒரு குழியில் சக்கரம் இறங்கி ரோக்லிச்சின் செயின் கழன்றது. அவ்வளவு செங்குத்தில் சைக்கிள் உடனே நின்றுவிடும், நின்றது. இறங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்த அறையில் யாரும் பேசவில்லை. அவர் குனிந்து, கையாலேயே செயினைப் பல்சக்கரத்தில் மாட்டினார். ஏறினார், ஆனால் அந்தச் சரிவில் முதல் மிதி எடுக்க யாராவது தள்ளினால்தான் முடியும். மெக்கானிக் ஓடி வந்து தள்ளினார், கூடவே பக்கத்தில் நின்ற ரசிகர் ஒருவரும் தள்ளினார். அந்த ரசிகர் ரோக்லிச் சிறுவயதில் பனிச்சறுக்குத் தாவல் வீரராக இருந்தபோது ஒரே அணியில் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

உச்சியில் கடிகாரம் நின்றபோது ரோக்லிச் தாமஸைவிட 40 விநாடி வேகம். செயின் கழன்றும் 40 விநாடி. ஜீரோவை 14 விநாடியில் வென்றார்.